பாப்பாவின் விலா எலும்பில் மணிமாலை: அதைத் தேடிப் பார்த்து எழுதிய டாக்டர் பிரான்சிஸ் கிளிசன் யார்?

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டிமார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய் தடவும்போதே நெஞ்சு, விலா, முதுகு என்று ஓர் இடம் விடாமல் விரலால் தடவிப் பார்த்துவிடுவார்கள். குழந்தைகள் டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறார். சட்டையைக் கழற்றச் சொல்லி, விலா எலும்பு வரிசையின் மேல் இரண்டு விரலை மேலிருந்து கீழாக ஓட்டுகிறார். சில நொடி வேலைதான். அந்த விரல்கள் எதைத் தேடுகின்றன என்பதை 370 வருடங்களுக்கு முன்பே ஒருவர் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார்.

அவர் பெயர் பிரான்சிஸ் கிளிசன். இங்கிலாந்துக்காரர். மருத்துவம் படித்தவர்களைக் கேட்டால் கல்லீரல் உறையோடு சேர்த்து இந்தப் பெயரைச் சொல்வார்கள். ஆனால், அவர் முதலில் பேர் வாங்கியது குழந்தைகளின் நெஞ்சைப் பார்த்து.

கதைக்குள் போவதற்கு முன்னால், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பதறாமல் இருக்க சில விஷயங்கள். பிறந்த குழந்தையின் நெஞ்சு பெரியவர்களுடையதைப் போல் தட்டையாக இருக்காது, உருண்டையாக இருக்கும். விலா எலும்புகள் சரிவாக இல்லாமல் படுக்கை வாட்டத்தில் இருக்கும். குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும். நெஞ்செலும்பின் கீழ் நுனி சில குழந்தைகளுக்குச் சின்ன முண்டு மாதிரி துருத்தித் தெரியும். மெலிந்த குழந்தைகளுக்குக் கீழ் விலாக்கள் கொஞ்சம் விரிந்த மாதிரியும் இருக்கலாம். இதெல்லாம் பெரும்பாலும் சாதாரணம்தான். நெஞ்சின் நடுவில் குழி விழுந்தபடி பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அது தனிக் கதை. கிளிசன் எழுதியது வேறொன்றைப் பற்றி: நன்றாகப் பிறந்த குழந்தைக்குச் சில மாதங்கள் கழித்து நெஞ்சின் உருவமே மாறிப்போவது.

லண்டன் சாவுப் பட்டியலில் ஒரு புதுப் பெயர்

17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் ஒரு பட்டியல் வெளியாகும். எந்தெந்தப் பகுதியில் எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்ற கணக்கு. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிணத்தைப் பார்த்துவந்த வயதான பெண்கள்தான் சொன்னார்கள். 1634-இல் அந்தப் பட்டியலில் ரிக்கெட்ஸ் என்ற பெயர் முதன்முறையாக ஏறியது. அந்த வருடம் 14 சாவுகள். பின்னாளில் இந்தப் பட்டியல்களையெல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் ஜான் கிரான்ட் என்ற வியாபாரி. 1660-இல் அதே பெயரில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்ததை அவர் 1662-இல் எழுதினார்.

நோய் புதிதா, பெயர் புதிதா என்று கிரான்ட்டுக்கே சந்தேகம். ஆனால், சாதாரண ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். டாக்டர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். கிரேக்க, லத்தீன் மருத்துவ நூல்களில் இந்த நோயைத் தேடினால் சரியான இடம் கிடைக்கவில்லை. நூலில் இல்லாத நோயை என்ன செய்வது என்பது அன்றைய டாக்டர்களுக்கு உண்மையிலேயே பெரிய சிக்கல்.

கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர் டாக்டரானார்

கிளிசன் 1597 வாக்கில் பிறந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டார்செட் பகுதிக் குடும்பம். 1617-இல் கேம்பிரிட்ஜின் கெயஸ் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்கி, அங்கேயே கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார். மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது 1634-இல். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கேரியர் லேட்டாகிவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் கவனிக்க: இரண்டே வருடத்தில், 1636-இல், கேம்பிரிட்ஜில் அரச மருத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சாகும்வரை, 41 வருடம், அந்தப் பதவி அவரிடமே இருந்தது.

பதவி அங்கே, ஆள் வேறெங்கோ என்பதுதான் வேடிக்கை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அவர் கோல்செஸ்டர் என்ற ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு லண்டன். பேராசிரியர் சம்பளம் வருடக்கணக்கில் பாக்கி விழுந்து, மனு போட்டுக் கேட்கவேண்டிய நிலையும் வந்தது.

லண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் உறுப்பினர். 1640-களின் நடுவில் அந்தக் கல்லூரியைச் சேர்ந்த சில டாக்டர்கள் கூடி, தாங்கள் பார்த்த ரிக்கெட்ஸ் குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். இதைப் புத்தகமாக்க மூன்று பேரிடம் பொறுப்பு போனது: கிளிசன், ஜார்ஜ் பேட், அசுவேரஸ் ரெகமோர்ட்டர். நோயின் அடிப்படை என்ன என்ற பகுதி கிளிசனுடையது. அவர் எழுதிக் காட்டியதைப் பார்த்த மற்றவர்கள், முழுவதையும் நீங்களே எழுதிவிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். குரூப் புராஜெக்ட்டில் ஒருவர் தலையில் மொத்த வேலையும் விழுவது அப்போதும் நடந்திருக்கிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே போர் அவர் வாசலுக்கு வந்தது. 1648 கோடையில், மன்னர் தரப்புப் படை கோல்செஸ்டருக்குள் புகுந்துகொள்ள, நாடாளுமன்றத் தரப்புத் தளபதி ஃபேர்ஃபேக்ஸ் ஊரைச் சுற்றி வளைத்தார். 11 வாரம் முற்றுகை. உணவு தீர்ந்து, ஊருக்குள் குதிரை, நாய், பூனையெல்லாம் சாப்பாடானது. பசியில் கிடந்த ஊருக்காக வெளியே போய் ஃபேர்ஃபேக்ஸிடம் பேச அனுப்பப்பட்டவர்களில் கிளிசனும் ஒருவர். பேச்சு பலிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஊர் சரணடைந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1650-இல், அவருடைய லத்தீன் நூல் வெளிவந்தது. அடுத்த வருடமே ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

விரலில் தட்டுப்பட்டது என்ன?

நோய்க்கு அவர் வைத்த பெயர் ராகிட்டிஸ். கிரேக்கத்தில் முதுகெலும்புக்கான சொல்லிலிருந்து எடுத்தது. ஜனங்கள் சொன்ன ரிக்கெட்ஸ் என்ற பெயருக்கும் காதில் நெருக்கமாக ஒலித்தது. பழைய கிரேக்க வாத்தியார் அல்லவா, பொருத்திவிட்டார். (நம்ம ஊரில் எலும்புருக்கி என்று சொல்வது காசநோயை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

புத்தகத்தில் மண்டை, மணிக்கட்டு, கால், வயிறு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால், நெஞ்சைப் பற்றிய பகுதியை இன்றைய குழந்தைகள் டாக்டர் படித்தால் அசந்துபோவார். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் யாரோ அமுக்கிவிட்டதுபோல் நெஞ்சு ஒடுங்கிப்போகும் என்கிறார். நடு எலும்பு முன்னால் தள்ளிக்கொண்டு, கப்பலின் அடிப்பாகம் போலவும் கோழி நெஞ்சு போலவும் கூர்மையாகும். விலா எலும்புகள் குருத்தெலும்போடு சேரும் இடங்களில் முடிச்சு முடிச்சாகத் திரளும். இந்த முடிச்சு வரிசைக்குத்தான் பிற்காலத்தில் ஜெபமாலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அது ஏன் அந்த இடத்தில் வருகிறது? விலா எலும்பு நேராகப் போய் நெஞ்செலும்பைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு துண்டு குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பும் குருத்தெலும்பும் சந்திக்கும் அந்த இடம்தான் விலா நீளும் இடம். அங்கே முதலில் குருத்தெலும்பு வளரும், பிறகு அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கெட்டியாகி எலும்பாகும். கட்டடத்துக்கு சென்ட்ரிங் அடித்து கான்கிரீட் போடுவது போல. வைட்டமின் டி போதாவிட்டால் உடம்பு கால்சியத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. சென்ட்ரிங் பலகைகள் மேலே மேலே அடுக்கப்படும், கான்கிரீட் மட்டும் வராது. அந்தக் குவியல்தான் விரலில் மணியாகத் தட்டுப்படுகிறது.

இனி மூச்சு. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும். கெட்டியான விலா அதைத் தாங்கும். மெத்தென்று இருக்கிற விலா உள்ளே வாங்கும். அதனால் பக்கங்கள் ஒடுங்கி, நடு எலும்பு முன்னால் துருத்துகிறது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம் கீழ் விலாக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; அது இழுக்க இழுக்க, அந்த ஓரம் முழுக்க ஒரு பள்ளம் விழுகிறது. இதற்கு ஹாரிசன் பள்ளம் என்று பெயர். நிமிடத்துக்கு முப்பது, நாற்பது மூச்சு. ஒரு நாளைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல். குழந்தை தன் மூச்சாலேயே தன் நெஞ்சை வளைத்துக்கொள்கிறது.

ரிக்கெட்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாடப் புத்தகத்தில் பார்த்த வளைந்த கால் படம். கால் வளைவதற்குக் குழந்தை எழுந்து நிற்க வேண்டும். ஒரு வயதுக்குள் வேகமாக வளர்வதில் மண்டையும் விலாவும் முக்கியமானவை, அதனால் அடையாளம் அங்கே முதலில் தெரியும். உயிரை எடுத்ததும் பெரும்பாலும் நெஞ்சுதான். மெத்தென்ற கூட்டுக்குள் நுரையீரல் சரியாக விரியாது, இருமலில் வலு இருக்காது, சளி வெளியேறாது. நிமோனியா வந்தால் தாங்காது. இறந்த குழந்தைகளின் உடலைத் திறந்து பார்த்த கிளிசன், நுரையீரல் விலாவோடு ஒட்டிப்போயும் இறுகிப்போயும் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இது சாதாரண உழைப்பு இல்லை.

கண் சரி, காரணம் தப்பு

இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் காரணத்தைத் தவறவிட்டார். உடம்பில் குளிர்ச்சியும் ஈரமும் மிஞ்சி, ரத்தம் எல்லாப் பாகத்துக்கும் சமமாகப் போகாததால் ஊட்டம் ஏறுமாறாகப் போகிறது என்று நினைத்தார். எலும்பு மெத்தென்று ஆகி வளைகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. ஒரு பக்கம் அதிகமாக வளர்வதால் மறுபக்கம் சாய்கிறது என்றார். கற்களை அடுக்கிய தூணில் ஒரு பக்கமாக மட்டும் ஆப்புகளைச் செருகினால் தூண் எப்படி வளையுமோ அப்படி. உதாரணம் அழகு, ஆனால் உண்மை அது இல்லை.

வைத்தியமும் அந்தக் கணக்கில்தான். உடம்பைத் தேய்த்துவிடுவது, விளையாட வைப்பது, மருந்துகள். கூடவே ஓர் ஊஞ்சல் ஏற்பாடு: அக்குளிலும் தலையைச் சுற்றியும் பட்டைகளைக் கட்டிக் குழந்தையை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆட்டுவது. உடல் எடையே முதுகை நேராக்கிவிடும் என்ற நம்பிக்கை. ரிக்கெட்ஸுக்கு அதனால் பலன் கிடையாது. ஆனால், கழுத்தைத் தாங்கி இழுக்கும் பட்டைக்கு கிளிசன் பெயர் எலும்பு மருத்துவத்தில் நிலைத்துவிட்டது.

நோய் முதலில் தெரியவந்தது டார்செட், சாமர்செட் பக்கம்தான், அதுவும் சுமார் 30 வருடத்துக்கு முன்பு என்று எழுதியிருக்கிறார். அதாவது அவர் குடும்பத்தின் சொந்தப் பகுதி. நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டனில் வெயில் குறைந்ததுதான் காரணம் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு பங்குதான். கிராமப்புறமான டார்செட்டில் குழந்தைகள் வெயிலைப் பார்த்தார்களா, துணியில் இறுகச் சுற்றி வீட்டுக்குள்ளேயே கிடத்தினார்களா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். கிளிசனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஆனால், ஒரு விஷயத்தில் அவர் கண் யாரையும் மிஞ்சியது. சில ரிக்கெட்ஸ் குழந்தைகளுக்குக் கூடவே வேறொரு நோயும் இருக்கிறது. அசைத்தாலே வலியில் அலறுகிறார்கள், ஈறு வீங்குகிறது. அது ஸ்கர்வி, இரண்டும் வேறு வேறு என்று பிரித்துச் சொன்னார். இன்று அது வைட்டமின் சி குறைபாடு என்று தெரியும். ஸ்கர்வியிலும் விலாவில் முடிச்சு வரும், ஆனால் கூர்மையாக இருக்கும், தொட்டால் வலிக்கும். இந்தத் தெளிவு பிறகு வந்த பலருக்கு இல்லை.

முதல் ஆள் யார் என்ற தகராறும் உண்டு. 1645-இலேயே டேனியல் விஸ்லர் என்ற இளைஞர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இதே நோயைப் பற்றி ஆய்வேடு கொடுத்துவிட்டார். வாயில் நுழையாத ஒரு நீளமான கிரேக்கப் பெயரும் வைத்தார். யாரும் அதைச் சீந்தவில்லை. தேதியைப் பார்த்தால் விஸ்லர் முந்தி. ஆனால், பல வருடம் குழந்தைகளைப் பார்த்து, உடலைத் திறந்து, வரிவரியாக எழுதிய வேலை கிளிசனுடையது. என் ஓட்டு கிளிசனுக்கே.

விடை வர 270 வருடம்

1822-இல் போலந்து டாக்டர் யெண்ட்ஷே ஷ்னியாடெட்ஸ்கி நகரத்துக் குழந்தைகளுக்கு வெயில் வேண்டும் என்றார். 1890-இல் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய தியோபால்டு பாம், வெயில் நாடுகளில் இந்த நோய் குறைவு என்று ஒப்பிட்டுக் காட்டினார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1919-இல்தான் இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதா விளக்கொளி காட்டிக் குழந்தைகளைக் குணப்படுத்தினார். லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவைத்து, மீன் எண்ணெயால் தடுத்துக் காட்டினார். அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு 1922-இல் எல்மர் மெக்கல்லம் ஆராய்ச்சிக் குழு வைட்டமின் டி என்று பெயர் கொடுத்தது.

இவ்வளவு வெயில் அடிக்கிற நம்ம ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். வெயில் தெருவில் அடிக்கிறது, பாப்பா ஏசி ரூமில் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உருவாகாது. அதற்குத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருமை கூடிய தோலுக்கு வெயிலும் கூடுதல் நேரம் வேண்டும். தாய்ப்பால் எல்லா விதத்திலும் சிறந்தது, ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. அம்மாவுக்கே குறைபாடு இருந்தால் குழந்தை பிறக்கும்போதே கையிருப்பும் கம்மி. அதனால்தான் ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதிக்கொடுக்கும் சின்ன பாட்டில், இரண்டாவது மாதம் அலமாரிக்குப் பின்னால் போய்விடுவது பல வீடுகளில் நடக்கிறது.

இன்னொரு தப்பு இதைவிட ஆபத்து. பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட்டைத் தாங்களாகவே கைக்குழந்தைக்குக் கொடுப்பது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படும். விலாவில் இரண்டு பக்கமும் வரிசையாக முடிச்சு தட்டுப்பட்டாலோ, கீழ் விலாவில் பள்ளம் விழுந்தாலோ, அடிக்கடி சளி பிடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் விஷயத்தைச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் அந்த மணிகள் மாதக்கணக்கில் கரையும், வளரும் எலும்பு தன்னைத்தானே நிறையச் சரிசெய்துகொள்ளும்.

எண்பதை நெருங்கியும் ஓயவில்லை

ரிக்கெட்ஸ் நூலுக்குப் பிறகு கிளிசன் கல்லீரலுக்குத் தாவினார். 1654-இல் வந்த அந்த நூல்தான் கல்லீரலுக்குள் போகும் ரத்தக்குழாய்களைச் சுற்றிய உறையை அவர் பெயரோடு பிணைத்தது. ராயல் சொசைட்டிக்கு விதை போட்ட லண்டன் கூட்டங்களில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். 1668-இல் ஆஷ்லி பிரபுவின் கல்லீரல் கட்டியைத் திறந்து வடிகுழாய் வைத்த புகழ்பெற்ற சிகிச்சையை முன்நின்று நடத்தியவர் தத்துவ அறிஞர் ஜான் லாக். ஆலோசனை சொன்ன டாக்டர்களில் கிளிசனும் இருந்தார். அப்போது அவர் மருத்துவர் கல்லூரியின் தலைவர். 1666 தீ விபத்தில் கட்டடத்தை இழந்திருந்த கல்லூரி அது.

கடைசிக் காலத்தில் அவரை ஆட்டிப்படைத்தது வேறொரு கேள்வி. உடம்பின் நார்கள் தொட்டால் ஏன் சுருங்குகின்றன? அந்தக் குணத்துக்கு அவர் வைத்த பெயரை, ஒரு நூற்றாண்டு கழித்து சுவிட்சர்லாந்தின் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் எடுத்துப் பரிசோதனைகளால் வளர்த்தார். வயிறு, குடல் பற்றிய கிளிசனின் கடைசி நூல் 1677-இல் வெளிவந்தது. அதே வருடம் அக்டோபரில் லண்டனில் இறந்தார். ஃப்ளீட் தெருவில், தீயில் எரிந்து கிறிஸ்டோபர் ரென் திரும்பக் கட்டி இரண்டு வருடம் முன்புதான் திறந்திருந்த புனித பிரைடு தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.